தாயின் உடல் பருமனும் குழந்தையின் பிற்கால நலனும்: எது உறுதி, எது ஊகம்?

கருவுற்ற பெண்ணின் உடல் பருமன் அவருக்குப் பிறக்கும் குழந்தையை வளர்ந்த பின்னும் பாதிக்கும் என்ற செய்தி நாளிதழ்களிலும் சமூக ஊடகங்களிலும் அடிக்கடி வருகிறது. ஒரு நாள் அது குழந்தையின் எடையைப் பற்றியதாக இருக்கும். இன்னொரு நாள் நீரிழிவு அல்லது மாரடைப்பைப் பற்றியதாக இருக்கும். பிறகொரு நாள் ஆட்டிசத்தைப் பற்றியதாகவும் இருக்கும். படிப்பவர்களில் சிலர் பயந்துபோகிறார்கள். வேறு சிலர், பூசினாற்போல இருந்த பாட்டிக்குப் பிறந்த ஏழு பிள்ளைகளும் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம், வெவ்வேறு வலுவுள்ள மூன்று கூற்றுகள் ஒரே தலைப்பின் கீழ் சொல்லப்படுவதுதான். பிரசவத்தின்போதும் பிறந்த உடனேயும் ஏற்படும் விளைவுகள் என்பது முதல் கூற்று. இதற்கான சான்றுகள் மிக வலுவானவை. குழந்தைப் பருவத்து எடையும், உடல் சர்க்கரையைக் கையாளும் விதமும் பாதிக்கப்படும் என்பது இரண்டாவது; தொடர்பு தெளிவாக இருக்கிறது, காரணம்தான் கலப்படமானது. நடுவயது இதயநோய், மூளை வளர்ச்சி போன்றவை மூன்றாவது. இங்கே தொடர்பு தென்படுகிறது, ஆனால் அதைத் தாயின் எடைதான் உண்டாக்கியது என்று சொல்ல இன்னும் நிறைய வேலை மிச்சமிருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால், பழி யார் மீது விழ வேண்டியதில்லை என்பதும், தலையீடு எந்தக் காலத்தில் நடக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

உடல் பருமன் என்று எதைச் சொல்கிறோம்?

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ. உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான வரையறைப்படி 18.5-க்குக் கீழே எடைக்குறைவு, 25-க்கு மேல் மிகை எடை, 30-க்கு மேல் உடல் பருமன். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் ஏறத்தாழ 60 கிலோவில் 25 என்ற எல்லையையும், 72 கிலோவில் 30 என்ற எல்லையையும் தொடுகிறார்.

இந்த எல்லைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து வகுக்கப்பட்டவை. தெற்காசியர்களுக்கு இதே பி.எம்.ஐ.-யில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கும். இதைக் காட்ட மருத்துவ இதழான லான்செட்டில் 2004-இல் வெளியான ஒரு படம் புகழ்பெற்றது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். இந்தக் காரணத்தால்தான் இந்திய மருத்துவர்கள் 23-க்கு மேல் மிகை எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்ற தாழ்ந்த எல்லைகளைப் பயன்படுத்துகிறார்கள். மேலை நாட்டு ஆய்வில் ‘உடல் பருமன் உள்ள தாய்’ என்று வரும்போது அது 30-க்கு மேல் என்பதையும், உள்ளூர் மருத்துவர் அதே சொல்லைச் சொல்லும்போது அது 25-க்கு மேலாக இருக்கலாம் என்பதையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துப் பேச்சு அல்ல. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரின் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல். நான்காவது ஆய்வில், அதாவது 2015–16-இல், இது 30.9 சதவீதம். இந்தியா முழுமைக்குமான அளவு 24 சதவீதம். கணக்கெடுப்பின்போது கருவுற்றிருந்தவர்களும் அண்மையில் பிரசவித்தவர்களும் இந்த எண்ணில் சேர்க்கப்படவில்லை. ஆகவே இதைக் கருத்தரிப்பதற்கு முந்தைய எடையின் ஒரு தோராயமான நிழலாக எடுத்துக்கொள்ளலாம்.

கருவுறுவதற்கு முன்பிருந்த எடை ஒன்று, கர்ப்ப காலத்தில் கூடும் எடை வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது செய்திகளில் அடிக்கடி நடக்கும் பிழை. அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ 2009-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, இயல்பான எடையுள்ளவருக்கு 11.5 முதல் 16 கிலோ வரையும், மிகை எடையுள்ளவருக்கு 7 முதல் 11.5 கிலோ வரையும், உடல் பருமன் உள்ளவருக்கு 5 முதல் 9 கிலோ வரையும் கூடலாம். இவற்றில் குழந்தையின் பிற்கால எடையோடு வலுவாகத் தொடர்புடையது முதலாவதுதான் என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

கருப்பைக்குள் என்ன நடக்கிறது?

1. சர்க்கரை. இதுவே மிக நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்ட பாதை. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பீடர்சன் 1950-களில் இதை முன்வைத்தார். தாயின் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போய்விடும். தாயின் இன்சுலின் கடக்காது. ஆகவே தாய்க்குச் சர்க்கரை கூடும்போது குழந்தை அந்தச் சர்க்கரையைத் தானே சமாளிக்க வேண்டியிருக்கிறது. அதன் சிறிய கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரக்கிறது. கருவில் இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனாகவும் செயல்படுவதால் குழந்தை பெருக்கிறது; குறிப்பாக அதன் கொழுப்புத் திசு பெருக்கிறது. பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடுகிறது, ஆனால் இன்சுலின் உடனே குறைவதில்லை. சர்க்கரை நோயுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு முதல் சில மணி நேரத்தில் குதிகாலில் குத்தி அடிக்கடி சர்க்கரை பார்ப்பது இதற்காகத்தான்.

இங்கே நோய் என்று பெயர் வைக்கும் எல்லைக்கு முன்பே விளைவு தொடங்கிவிடுகிறது. ஒன்பது நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ‘ஹேப்போ’ ஆய்வு, தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடையும் தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலின் சுரப்பைக் காட்டும் அடையாளமும் படிப்படியாக ஏறுவதைக் காட்டியது. இந்த இடத்தில் தொடங்குகிறது என்று கோடு கிழிக்கத் தெளிவான எல்லை எதுவும் அதில் கிடைக்கவில்லை. உடல் பருமன் உள்ள தாய்மாரில் பலருக்கு இன்சுலின் எதிர்ப்பு, அதாவது சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலை, ஏற்கெனவே இருப்பதால், கர்ப்பகால நீரிழிவு என்று கண்டறியப்படாதவர்களிடமும் சர்க்கரை இந்த ஏறுமுகத்தின் மேற்பகுதியில் இருக்க வாய்ப்பு அதிகம்.

2. கொழுப்பு. உடல் பருமன் உள்ள தாயின் இரத்தத்தில் டிரைகிளிசரைடுகளும் கொழுப்பு அமிலங்களும் கூடுதலாக இருக்கும். கருவில் கொழுப்புத் திசு முழுமையாக உருவாவது கடைசி மூன்று மாதங்களில்தான். அதற்கு முன் வந்து சேரும் மிகைக் கொழுப்பைச் சேமிக்க இடமில்லாமல் அது கல்லீரலில் படியக்கூடும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜப்பானிய மக்காக் குரங்குகளில் நடந்த ஆய்வில் இது நேரடியாகக் காணப்பட்டது. உடல் பருமனோடு கர்ப்பகால நீரிழிவும் இருந்த தாய்மாரின் சிசுக்களின் கல்லீரலில், பிறந்த சில வாரங்களிலேயே கூடுதல் கொழுப்பு இருப்பதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகளும் காட்டியுள்ளன.

3. பசியை ஆளும் நரம்புச் சுற்று. ஹைபோதாலமஸ் என்ற மூளைப் பகுதி பசியையும் நிறைவையும் கட்டுப்படுத்துகிறது. எலிகளில் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய்க்கு மிகைக் கொழுப்புணவு கொடுத்தால் குட்டிகளின் இந்தச் சுற்று மாறி, அவை வளர்ந்தபின் அதிகம் உண்கின்றன. மனிதர்களில் இதற்கு இணையான நேரடிச் சான்று மிகக் குறைவு.

4. மேல்மரபியல் மாற்றங்கள். மரபணுவின் எழுத்துகள் மாறாமல், அவற்றில் எது இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வேதிக் குறிகள் மாறுவதை இப்படி அழைக்கிறார்கள். செய்திகளில் அதிகம் பேசப்படுவதும், ஆதாரத்துக்கு மிஞ்சிப் பேசப்படுவதும் இதுதான். ஆயிரக்கணக்கான பிறந்த குழந்தைகளின் இரத்தத்தை ஒன்றுசேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் தாயின் பி.எம்.ஐ.-யோடு தொடர்புடைய மாற்றங்கள் சிறியவையாகவே இருந்தன. அவற்றிலும் கருப்பைச் சூழலால் நேரடியாக விளைந்தவை என்று சொல்லத்தக்கவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

உறுதியான முதல் அடுக்கு

பிரசவத்தையொட்டிய விளைவுகளைப் பற்றி அதிகம் விவாதிக்கத் தேவையில்லை. உடல் பருமன் உள்ள தாய்மாருக்குக் கர்ப்பகால நீரிழிவு, மிகை இரத்த அழுத்தத்தோடு வரும் முன்சூல்வலிப்பு நிலை, சிசேரியன், குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் வாய்ப்பு கூடுதல். தண்டுவடம் சரியாக மூடாமல் போகும் நரம்புக்குழாய்க் குறைபாடும் கூடுகிறது. ஆனால் அது அடிப்படையிலேயே அரிதானது என்பதால் பெரும்பாலான குழந்தைகள் அக்குறையின்றியே பிறக்கின்றன. வயிற்றில் கொழுப்புப் படலம் தடித்திருந்தால் ஸ்கேனில் குழந்தையின் உறுப்புகள் தெளிவாகத் தெரியாமல் போவதும் ஒரு நடைமுறைச் சிக்கல். உறுப்புக் குறைகளைத் தேடும் அனாமலி ஸ்கேனுக்கு மறுபடியும் வரச் சொன்னால், அதற்கு இது ஒன்றே காரணமாகவும் இருக்கலாம்.

குழந்தைப் பருவம்: தொடர்பு வலுவானது, காரணம் கலப்படமானது

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகளில், 2019-இல் வெளியான இரண்டு இந்தத் தொடர்பின் அளவைச் சொல்கின்றன. ஒன்றின்படி, கருவுறுவதற்கு முன்பே உடல் பருமன் இருந்த தாயின் குழந்தைக்கு உடல் பருமன் ஏற்படும் வாய்ப்பு விகிதம், இயல்பான எடையுள்ள தாயின் குழந்தையோடு ஒப்பிடும்போது சுமார் 3.6 மடங்கு. மற்றொன்று ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் 37 ஆய்வுக் குழுக்களிலிருந்து 1,62,129 தாய்–சேய் இணைகளின் தரவுகளை ஒருங்கே எடுத்துக்கொண்டது. அதில் கருவுறுவதற்கு முந்தைய எடையின் தாக்கம் பெரிதாகவும், கர்ப்ப காலத்தில் கூடிய எடையின் தாக்கம் அதைவிடச் சிறிதாகவும் இருந்தது. குழந்தை வளர வளர, பதின்வயதில், தொடர்பு இன்னும் வலுத்தது.

கடைசி வரி கவனிக்கத்தக்கது. கருப்பைச் சூழல் மட்டுமே காரணம் என்றால், பிறந்ததிலிருந்து விலகிச் செல்லச் செல்லத் தொடர்பு மங்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். வளர்கிறது என்றால், அந்த வீட்டில் வேறேதோ தொடர்ந்து வேலை செய்கிறது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. தாய் தன் குழந்தைக்குக் கருப்பையை மட்டும் கொடுப்பதில்லை. மரபணுக்களில் பாதியைக் கொடுக்கிறார், ஒரே சமையலறை, ஒரே தெரு, ஒரே வருமானம் ஆகியவற்றையும் பகிர்ந்துகொள்கிறார். இவற்றைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் கையாண்ட வழிகள் நான்கு. நான்கும் ஒரே விடையைத் தரவில்லை என்பதே இந்தத் துறையின் சுவாரசியம்.

1. தந்தையோடு ஒப்பிடுதல். தந்தைக்குக் கருப்பை இல்லை. ஆகவே தாயின் பி.எம்.ஐ. தந்தையின் பி.எம்.ஐ.-யைவிடக் குழந்தையின் எடையோடு மிக வலுவாகத் தொடர்புபட்டிருந்தால் கருப்பைக்குப் பங்குண்டு எனலாம். பல ஆய்வுகளில் இருவரின் தொடர்பும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. சிலவற்றில் தாயின் தொடர்பு ஓரளவு கூடுதலாக இருந்தது. வித்தியாசம் எதிர்பார்த்ததைவிடச் சிறிது.

2. ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிடுதல். அரிசோனாவின் பிமா பழங்குடியினரிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்த பிள்ளையையும் வந்த பின் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டார்கள். பின் பிறந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு விகிதம் 3.7 மடங்கு, பி.எம்.ஐ.-யும் கூடுதல். தந்தைக்கு நீரிழிவு வருவதற்கு முன்னும் பின்னும் பிறந்த பிள்ளைகளிடம் இப்படியொரு வேறுபாடு இல்லை. ஒரே பெற்றோர், ஒரே வீடு, மாறியது கருப்பையில் இருந்த சர்க்கரை. இதைவிடத் தெளிவாக ஒரு காரணத்தைத் தனிமைப்படுத்துவது கடினம்.

3. அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும். கனடாவின் கியூபெக்கில், கடும் உடல் பருமனுக்காக இரைப்பை–குடல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாய்மாரின் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். 2009-இல் வெளியான முடிவுகளின்படி, சிகிச்சைக்கு முன் பிறந்தவர்களில் 35 சதவீதத்தினருக்குக் கடும் உடல் பருமன் இருந்தது. பின் பிறந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு மட்டுமே. 49 தாய்மாரின் 111 பிள்ளைகள் என்பது சிறிய எண்ணிக்கை. எடை குறைந்த தாயின் வீட்டுச் சமையலும் மாறியிருக்கும் என்ற மறுப்பையும் புறந்தள்ள முடியாது.

4. மரபணுவைக் கருவியாக்குதல். எடையைக் கூட்டும் மரபணு மாற்றுகளில் தாயிடம் இருந்து, ஆனால் குழந்தைக்குக் கடத்தப்படாதவை இருக்கும். அவை குழந்தையைப் பாதிப்பதற்குக் கருப்பையைத் தவிர வேறு வழி பெரிதாக இல்லை. இந்த முறையில் பிரிட்டனில் நடந்த ஆய்வுகள், தாயின் எடை குழந்தையின் பிறப்பு எடையைக் கூட்டுவதை உறுதி செய்தன. பிற்காலக் கொழுப்பின் மீதான தாக்கத்தைப் பொறுத்தவரை, இருந்தாலும் மிகச் சிறியது என்ற முடிவுக்கே பெரும்பாலும் வந்தன.

நான்கையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் சித்திரம் இது: தாயின் எடை அதிகம் என்பது மட்டும் குழந்தையின் பிற்கால எடையைப் பெரிய அளவில் நிர்ணயிப்பதாகத் தெரியவில்லை. தாயின் இரத்தத்தில் உயர்ந்த சர்க்கரை இருப்பது அப்படியல்ல; அதன் தடம் உடன்பிறந்தோர் ஒப்பீட்டிலும் நிற்கிறது. மிச்சத் தொடர்பின் பெரும்பகுதி மரபணுவும் வீடும் சேர்ந்து உண்டாக்குவது. செய்தித் தலைப்பு ‘எடை’ என்று சொல்லும் இடங்களில் பலவற்றில் ‘சர்க்கரை’ என்று படித்துக்கொள்வது, என் கணிப்பில், உண்மைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும்.

நடுவயதும் மூளையும்

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் மகப்பேற்றுப் பதிவுகளை 1950 முதல் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1950-க்கும் 1976-க்கும் இடையில் பிறந்த 37,709 பேரை அவர்களுடைய தாய்மாரின் அன்றைய எடையோடு இணைத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளியானது. உடல் பருமன் இருந்த தாய்க்குப் பிறந்தவர்கள், ஆய்வுக் காலத்தில் எந்தக் காரணத்தாலும் முன்கூட்டியே இறக்கும் ஆபத்து 35 சதவீதம் கூடுதல்; இதய நோய்க்காக மருத்துவமனையில் சேரும் ஆபத்து 29 சதவீதம் கூடுதல். இது ஒப்பீட்டு ஆபத்து. நடுவயதுக்கு முன் இறப்பவர்கள் மொத்தத்திலேயே குறைவு என்பதால் தனி ஒருவருக்குக் கூடும் ஆபத்து சிறியது. மேலும், பிள்ளைகளின் சொந்த எடை, புகைப்பழக்கம் போன்றவை குறித்த தகவல் பிறப்புப் பதிவேட்டில் இருக்காது; தாயின் எடை நேராகப் பிள்ளையின் இதயத்தைத் தொட்டதா, பிள்ளையும் குண்டாக வளர்ந்ததால் தொட்டதா என்பதை இந்த ஆய்வால் பிரிக்க இயலாது.

ஆட்டிசம், கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ஏ.டி.எச்.டி.) ஆகியவற்றோடும் தாயின் உடல் பருமனுக்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது. ஆனால் சுவீடனின் மக்கள்தொகைப் பதிவேடுகளை வைத்து உடன்பிறந்தோரை ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு பெருமளவு கரைந்துபோனது. இந்தக் குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்ற தாயிடம், கர்ப்ப காலத்தில் எடை போட்டதுதான் காரணம் என்று உறவினர் யாராவது சொன்னால், அதற்கு அறிவியல் ஆதரவு இல்லை.

கர்ப்ப காலத்தில் எடையைக் கட்டுப்படுத்தினால் போதுமா?

இயல்பாக எழும் அடுத்த கேள்வி இது, விடை ஏமாற்றமளிப்பது. பிரிட்டனின் ‘அப்பீட்’ சோதனையில் உடல் பருமன் உள்ள 1,555 கர்ப்பிணிகள் பங்கேற்றார்கள். உணவு முறை, நடை, தொடர் ஆலோசனை எல்லாம் கொடுக்கப்பட்டன. அவர்கள் உண்ட உணவு மேம்பட்டது, எடை கூடுவது சற்றுக் குறைந்தது. ஆனால் கர்ப்பகால நீரிழிவோ பெருத்த குழந்தைகளின் எண்ணிக்கையோ குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் 2,200-க்கும் மேற்பட்டவர்களோடு நடந்த ‘லிமிட்’ சோதனையிலும், கர்ப்ப வாரத்துக்கு மிஞ்சிப் பெருத்த குழந்தைகளின் எண்ணிக்கை குறையவில்லை. நான்கு கிலோவுக்கு மேல் பிறந்தவர்கள் மட்டும் ஓரளவு குறைந்தார்கள்.

காரணம் காலத்தில் இருக்கலாம். இச்சோதனைகள் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் மாதங்களில் தொடங்கின. நஞ்சுக்கொடி அதற்குள் உருவாகிவிட்டது. குழந்தையின் உறுப்புகள் உருப்பெற்றுவிட்டன. கர்ப்பகால நீரிழிவை 24 முதல் 28 வாரங்களில் தேடுவது உலக வழக்கம். ஆனால் உடல் பருமன் உள்ள தாய்மாரின் குழந்தைகளின் வயிற்றுச் சுற்றளவு, அந்தச் சோதனை நடக்கும் வேளையிலேயே கூடியிருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டின. முன்கூட்டியே கண்டுபிடித்துச் சிகிச்சை தந்தால் பயன் உண்டா என்பதை 2023-இல் வெளியான ‘டோபாகம்’ சோதனை ஆராய்ந்தது. 20 வாரத்துக்கு முன்பே சிகிச்சை தொடங்கிய பிரிவில் சிசுவுக்கான சிக்கல்கள் 30.5 சதவீதத்திலிருந்து 24.9 சதவீதமாகக் குறைந்தன. பயன் உண்டு, ஆனால் மிதமானது.

ஓரிகன் குரங்குகள் இங்கே ஒரு நம்பிக்கையான குறிப்பைத் தருகின்றன. மிகைக் கொழுப்புணவு உண்டு பெருத்த பெண் குரங்குகளுக்கு அடுத்த கர்ப்பத்தில் மட்டும் சாதாரண உணவு கொடுத்தார்கள். அவை அப்போதும் பருமனாகவே இருந்தன; ஆனாலும் கருவின் கல்லீரல் கொழுப்பு குறைந்தது. எடை குறையாவிட்டாலும் உணவு மாறினால் பயனுண்டு என்பதே இதன் பொருள். குரங்கில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், பட்டினி கிடந்து எடை குறைக்க நினைக்கும் கர்ப்பிணிகளுக்கு இது தெரிய வேண்டிய செய்தி. கர்ப்ப காலத்தில் எடையைக் குறைக்க முயல்வதை எந்த மருத்துவ வழிகாட்டியும் பரிந்துரைப்பதில்லை.

தமிழ்நாட்டின் இரு முனைச் சிக்கல்

கருப்பைக்கு நினைவு உண்டு என்ற எண்ணம் முதலில் பிறந்தது பட்டினியிலிருந்து. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது கருவில் முதல் மாதங்களில் இருந்த ஆண்கள், 19 வயதில் கூடுதலாக உடல் பருமன் கொண்டிருந்தார்கள். குறைந்த எடையில் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் அதிகம் என்பதை 1980-களில் இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் காட்டினார். ஆகவே பற்றாக்குறையும் மிகையும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன.

இந்தியாவில் இவை இரண்டும் ஒரே பெண்ணின் வாழ்வில் சந்திக்கின்றன. தன் தாயின் வயிற்றில் போதிய ஊட்டமின்றி 2.5 கிலோவில் பிறந்த பெண், இருபத்தைந்து வயதில் நகர வாழ்க்கையில் எடை கூடிக் கருவுறுகிறார். அவருடைய கணையம் சிறிய அளவுக்குத் தயாரானது, சுமை பெரிது. யாஜ்னிக் குழுவின் புனே ஆய்வில், சராசரியாக 2.7 கிலோவில் பிறந்த கிராமத்துக் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எல்லா அளவிலும் சிறியவர்கள். தோலடிக் கொழுப்பில் மட்டும் அந்தக் குறைவு மற்றவற்றைவிடச் சிறிதாக இருந்தது. மைசூரில் நடந்த நீண்டகால ஆய்வு, கர்ப்பகால நீரிழிவு உள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, ஒன்பதரை வயதிலேயே கொழுப்பும் இன்சுலினும் கூடுதலாக இருப்பதைக் கண்டது. அந்தப் பெண் பிள்ளைகள் நாளைய தாய்மார்.

தமிழ்நாடு இதில் ஒரு பக்கம் முன்னோடி. சென்னை மருத்துவர் வீ. சேஷையாவின் தொடர் உழைப்பால், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை நாட்டிலேயே முதலில் நடைமுறைப்படுத்திய மாநிலம் இது. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்தால் போதும். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. காலைப் பேருந்தைப் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணை மனத்தில் வைத்து வடிவமைத்த முறை இது. இதைப் பயன்படுத்தி நடந்த சமூக ஆய்வில் நகரத்தில் 17.8, சிறு நகரங்களில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதக் கர்ப்பிணிகளுக்கு நீரிழிவு இருப்பது 2008-இல் தெரியவந்தது.

மறுபக்கம், நம் மகப்பேற்றுத் திட்டங்களின் அடிப்படைச் சிந்தனை இன்னும் எடைக்குறைவையும் இரத்தசோகையையும் சுற்றியே இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் ஆகியவை இருக்கும். 40 கிலோவில் கருவுற்ற பெண்ணுக்கு இது அருமருந்து. 78 கிலோவில் கருவுற்ற, சர்க்கரை எல்லையில் நிற்கும் பெண்ணுக்கும் அதே பெட்டகம்தான். அவருக்கும் இரும்புச்சத்து தேவை, ஏனெனில் உடல் பருமன் இருப்பவர்களுக்கும் இரத்தசோகை சாதாரணமாக உண்டு, நெய் தேவையில்லை.

வீட்டிலும் இதே நிலைதான். ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்’ என்பது பஞ்சம் கண்ட தலைமுறையின் அக்கறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி கர்ப்பிணிக்குத் தேவைப்படும் கூடுதல் ஆற்றல் நாளொன்றுக்கு 350 கலோரி. அது ஏறத்தாழ மூன்று இட்லி, ஒரு கரண்டி சாம்பார், ஒரு டம்ளர் பால். வளைகாப்புக்குப் பின் வீடு வீடாக வரும் இனிப்புப் பலகாரங்கள் இந்தக் கணக்கை ஒரே மாலையில் தாண்டிவிடும்.

தலையிடத்தக்க இடங்கள்

1. கருத்தரிப்பதற்கு முன். மேலே கண்ட சான்றுகள் அனைத்தும் சுட்டும் இடம் இது. நம் அமைப்பில் ஆளே இல்லாத இடமும் இதுவே. கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு பெண்ணின் எடையையும் சர்க்கரையையும் கவனிக்கத் தொடங்குவது பெரும்பாலும் கருவுற்ற பிறகுதான். திருமணமான புதிதில் எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றைப் பார்த்து, போலிக் அமில மாத்திரையைத் தொடங்கும் வழக்கம் தனியார் மருத்துவமனைகளில்கூடப் பெரும்பாலும் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வருவோரிடம்தான் இருக்கிறது.

2. முதல் வருகையிலேயே சர்க்கரைப் பரிசோதனை. உடல் பருமன் உள்ளவர்கள் 24-ஆம் வாரம் வரை காத்திருக்கக் கூடாது. முதல் முறை இயல்பாக இருந்தாலும் 24–28 வாரங்களில் மீண்டும் பார்க்க வேண்டும்.

3. தாய்ப்பால். உடல் பருமன் உள்ள தாய்மாருக்குப் பால் சுரப்பது ஓரிரு நாள் தாமதமாகலாம். அந்த இடைவெளியில் ‘பால் போதவில்லை’ என்று புட்டிப்பால் தொடங்கிவிடுவது எளிது. கூடுதல் உதவி தேவைப்படும் நேரம் அதுதான்.

4. வீடு. மரபணுவும் வீடும் பெரும்பங்கு என்றால் தந்தையின் தட்டும் கணக்கில் வருகிறது. தாய்க்குத் தனிச் சமையல், மற்றவர்களுக்கு வழக்கமான சமையல் என்று பிரிக்கும் ஆலோசனை, தாய்க்கும் நிலைப்பதில்லை. வளரும் குழந்தைக்கும் பயன்படுவதில்லை.

5. பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரம். கர்ப்பகால நீரிழிவு இருந்தவர்கள் 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் அல்லது குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை. பெரும்பாலோர் வருவதில்லை. பெண் தாய்வீட்டில் இருக்கிறார், குழந்தையின் தடுப்பூசிக்கு மட்டும் யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆறாவது வாரத் தடுப்பூசியும் தாயின் சர்க்கரைப் பரிசோதனையும் ஒரே வாரத்தில் வருகின்றன. இரண்டையும் ஒரே வருகையில் முடிக்கலாம். அடுத்த குழந்தைக்கு அதுவே கருத்தரிப்புக்கு முந்தைய பரிசோதனையும் ஆகிவிடுகிறது.